நாலாம் புத்தகத்துச் சொல்

கூழக்கா ஒருவரையும் தன் சொல்லால் திட்டியதில்லை. நீங்கள் அவளைச் சொன்னதை எடுத்து வைத்திருப்பாள். ஒரு மாதமோ ஆறு வருஷமோ கழித்து, நாள் பார்த்து, சூடு ஆறாமல் உங்களுக்கே பரிமாறுவாள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றை மாட்டு வண்டியில் தொடங்கி இன்றைக்கு ஒரு எண்ணெய் ஆலை, மூன்று லாரி, விழுப்புரத்தில் மாடி வீடு என்று நிற்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் ஆலையில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயில், உங்கள் பாஷையில் கடலை எண்ணெயில், வடை சுட்டிருப்பீர்கள். என்னிடம் பேசி ஜெயித்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது. ஜெயித்தது ஒரே ஒரு பொம்பளை. கூழ் விற்ற பொம்பளை. அவள் பேரை எழுதமாட்டேன். எங்கள் எல்லாருக்கும் அவள் கூழக்காதான்.

விழுப்புரத்தில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு புங்கமரம். அதன் அடியில் நாலு கீற்றைச் சாய்த்துக் கட்டி, கேப்பைக் கூழ்ப் பானை, மோர்மிளகாய், பச்சை வெங்காயம், இவற்றோடு உட்கார்ந்திருப்பாள். பத்திரம் எழுத வருகிறவர்கள், சாட்சிக்கு வருகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அங்கேதான் பகல் சாப்பாடு. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ஆனாலும் கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த முகம் அப்படி.

ஆபீஸ் பியூன் ஒருநாள் அதிகாரிக்கு முன்னால் கெத்துக் காட்டவேண்டி, "ஏம்மா, இது இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா? பானையை எடுத்துக்கினு அந்தாண்ட போ" என்றான். அவள் பானையை இரண்டு முழம் தள்ளி வைத்தாள்.

ஐப்பசி வந்தது. ஒரு மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தபால் ஆபீசுக்குப் போன அதே பியூன் அக்குளில் காகிதக் கட்டோடு ஓடி வந்து கீற்றுக்குள் தலையை நுழைத்தான். கூழக்கா மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வரணுமா? இது எங்கப்பன் வூட்டு சொத்து இல்லியே சாமி. உன்னைக் கூப்புட எனக்கு இன்னா பாத்தியதை இருக்குது?"

"அட தாயீ, சர்க்கார் காயிதம் நனையுது!"

"நனையட்டும்."

உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் சிரித்த சிரிப்பில் கீற்று ஆடியது. பியூன் எங்களைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். "சரி தாயீ. சொன்னது தப்பு. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

மூங்கில் உடனே விலகியது. தலை துவட்டத் துணி கொடுத்தாள், கூழ் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. அவ்வளவுதான் அவள் சட்டம். எடுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டால் கணக்கு அதோடு தீர்ந்தது. சொல்லாவிட்டால் தீராது.

இது தெரிவதற்கு முன்பே நான் மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது, புதிதாக வண்டி வாங்கின திமிர். முதன்முதலாக அவளிடம் கூழ் வாங்கின அன்றைக்கு, பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்கவேண்டி இப்படிச் சொன்னேன்: "புருஷன் அறுத்து வுட்ட பொம்பள கையால கூழ் குடிக்கிறதே பெருசு. இதுல உப்பு வேற இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் உப்பை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான். மறுநாள் கலயத்தை நீட்டினேன். அவள் அகப்பையை என் பக்கம் திருப்பிப் பானைமேல் வைத்தாள்.

"என் கையால குடிக்கிறது பெருசுன்னியே தம்பி. உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்? நீயே மொண்டு ஊத்திக்க."

நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். வருஷக் கணக்காக நானேதான் மொண்டு ஊற்றிக்கொண்டேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போனால் தோற்றதாக ஆகிவிடும், அதோடு கூழும் அப்படி இருக்கும். பியூன் சொன்ன ஒரு வார்த்தையை நானும் சொல்லியிருக்கலாம். என் நாக்கு முன்னால் மட்டும் போகிற வண்டி. அதற்குப் பின்னால் வரத் தெரியாது.

அவள் அந்த மரத்தடிக்கு ஏன் வந்தாள் என்று பக்கத்திலேயே பெட்டி போட்டு உட்கார்ந்து மனு எழுதும் ரைட்டர்தான் எனக்குச் சொன்னார். "அந்தப் பொம்பள கூழ் விக்க வரலடா. காவலுக்கு வந்துருக்குது."

சமாச்சாரம் இதுதான். கெடார் பக்கத்தில் ஒரு பெரிய மல்லாட்டைக்கார மிராசு. அவனுக்குத்தான் இவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேறு இடத்தில் நிலத்தோடு பெண் வருகிறது என்றதும் இவளை வெட்டிவிடப் பார்த்தான். இவளுக்குப் பதினைந்து வயது, வயிற்றில் ஏழு மாதம். மயிலத்தில் நேர்த்திக்கடன் என்று சொல்லிக் கூண்டு வண்டியில் ஏற்றினான். முருகனைக் கும்பிட்டு, சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலையில் "விழுப்புரம் ஆபீசுல ஒரு வேலை கீது, பாத்துக்கினு போயிடலாம்" என்று கூட்டிப் போனான். அங்கே ஒருத்தர் ஒரு பத்திரத்தை ஒருமுறை படித்தார். சம்மதமா என்று கேட்டார். புருஷன் தோளைக் கிள்ளினான். சம்மதம் என்றாள். பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி உருட்டினார்கள். ஆபீஸ் வாசற்படியிலேயே தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அதே வண்டியில் கொண்டுபோய் அப்பன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பத்திரம் அவன் மடியில் போயிற்று.

எங்கள் பக்கத்தில் அறுத்துவிடுவது புதிதில்லை. ஊர் கூடி, வெற்றிலை மாற்றி, இரண்டு பக்கமும் பேசித்தான் அறுப்பார்கள். அவன் ஊருக்குத் தெரியாமல் செய்தான். ஊர் கேட்டபோது, அவளாகவே கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான். அதிலும் வயிற்றுப் பிள்ளையோடு ஓடிப்போனவள் என்று ஒரு வால் சேர்த்தான். அப்பனும் செத்தபிறகு பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வந்து, அந்த ஆபீசுக்கு எதிரே பானையை இறக்கினாள். வருஷத்துக்கு ஒருதரம், ஆடிக்கு முன்னால், ரைட்டரிடம் மனு எழுதி வாங்கி உள்ளே கொடுப்பாள். குமாஸ்தா தேடுவார். "அந்தப் பேருல ஒண்ணும் இல்லம்மா" என்பார். அவர் சரியாகத் தேடவில்லை என்பது இவள் எண்ணம். மறுவருஷம் மறுபடி மனு.

ஒருநாள் கேட்டேன். "அந்தப் பத்திரம் கெடச்சா இன்னா பண்ணுவ யக்கா?"

"அவரு சொன்னது அதுல இருக்குது. அத்த அவரு கையில குடுப்பேன்."

அந்த மிராசுவோடு எனக்கும் ஒரு பாக்கி உண்டு. ஒருதரம் அவன் மூட்டைகளை மண்டிக்கு ஏற்றி வந்தேன். கெடாரிலிருந்து நடந்த கால் வலியில் மண்டி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். "வண்டிக்காரனுக்கு பெஞ்சு கேக்குதா? எழுந்துருடா. மாடே நிக்குது, நீ குந்திக்கினு கீற!" என்றான். மண்டியே பார்த்தது. எழுந்து நின்றேன். அன்றைக்கு நின்ற கால் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. ஆகையால் கூழக்கா பக்கம் நான் சேர்ந்தது தர்மத்துக்காக மட்டும் என்று எழுதினால் அது பொய்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். மண்ணெண்ணெய் கிடையாது, பஸ் எல்லாம் கரியில் ஓடியது. கூழக்காவின் பெண்ணுக்குப் பதினான்கு முடிந்தது. ஒருநாள் நாட்டாண்மையும் நாலு பெரிய மனுஷர்களும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே மிராசு. அவனுடைய இரண்டாம் சம்சாரத்தின் தம்பி பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறான். நாற்பதை நெருங்கினவன், சாராயக்காரன், எவனும் பெண் கொடுக்கவில்லை. அவனுக்கு இந்தப் பெண்ணைக் கட்டிவைக்க மிராசு வந்திருந்தான்.

"எம் பொண்ணு, நான் இட்டுக்கினு போறேன். முறை மாமன் கேக்கறான், குடுக்கறேன். இதுல இவளுக்கு இன்னா பேச்சு?"

"உங்க பொண்ணா?" என்றாள் கூழக்கா. "நீங்க அறுத்து வுட்டீங்களே. பத்திரம் எழுதினீங்களே."

"எந்தப் பத்திரம்? நான் எங்க அறுத்து வுட்டேன்? நீயா ஓடி வந்த. இருந்தா காட்டு பாப்போம்."

நாட்டாண்மை இரண்டு பேரையும் பார்த்தார். பத்திரம் இருந்தால் அமாவாசைக்குள் காட்டவேண்டும். இல்லையென்றால், மிராசு திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையில் கை வைத்து, அறுத்து விடவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பெண்ணை அழைத்துப் போகலாம். அதுதான் தீர்ப்பு. வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் தழைக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அவர்கள் போனதும் பெண் ஓடி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. "நான் போவ மாட்டேன்மா. போவ மாட்டேன்."

"வுடு யக்கா, நான் கீறேன்" என்றேன்.

"நீ கீறது தெரியுது. பத்திரம் எங்க கீதுன்னு தெரிஞ்சா சொல்லு."

அந்த வாய்க்குத்தான் மறுநாள் மரத்தடியில் என் மூளை வேலை செய்தது. படித்தவர்கள் பன்னிரண்டு வருஷம் கண்டுபிடிக்காததை வண்டிக்காரன் கண்டுபிடித்தேன். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

"அன்னைக்கு மயிலத்துலருந்து வண்டி எந்நேரம் கெளம்புச்சு?"

"காலைல. வெயில் அப்பத்தான் ஏறிக்கினு இருந்துச்சு."

"நீ எப்படிக் குந்தியிருந்த?"

"முன்னால பாத்து. மாட்டு வாலையே பாத்துக்கினு வந்தேன்."

"வெயில் எந்தப் பக்கம் அடிச்சுது?"

யோசிக்காமல் வலது கன்னத்தைத் தொட்டாள். "கூண்டுல ஒரு பொத்தல். அது வழியா இங்கயே சுட்டுக்கினு வந்துச்சு. எறங்கற வரிக்கும்."

காலை வெயில் வலது கன்னத்தில் அடித்தால் வண்டி வடக்கே போகிறது. மயிலத்துக்கு விழுப்புரம் தெற்கே. வடக்கே இருப்பது திண்டிவனம்.

நான் சொன்னதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஆபீசைப் பார்த்தாள். ஓட்டுக்கூரை, பச்சைக் கதவு, வாசலில் தூங்குகிற பியூன். இத்தனை வருஷம் காவல் காத்த கட்டடம்.

"அவரு விழுப்புரம்னு சொன்னாரே" என்றாள்.

எல்லார் சொல்லையும் அச்சாகப் பிடித்து வைக்கிறவள். அந்தச் சொல்லையும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டடம் வேறு மாதிரி இருந்ததைக்கூட, இடித்துக் கட்டியிருப்பார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தாள். அது பொய்யாக இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ரைட்டரைப் போய் உலுக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெலம் சம்பந்தப்பட்டதுன்னாத்தான் அந்தந்த ஊரு ஆபீசுல பதியணும். மனுஷன் சம்பந்தப்பட்டதை ரெண்டு பேரும் ஒத்துக்கினு போனா எந்த ஆபீசுல வேணா பதியலாம்."

"இத்த இத்தினி வருஷமா ஏன்யா சொல்லல?"

"விழுப்புரத்துல தேட மனு எழுதுன்னாங்க. எழுதினேன். வேற யாரும் ஒண்ணும் கேக்கலியே."

மறுநாளே ரயிலேறித் திண்டிவனம் போனேன். கூழக்காவை எதற்கு அலையவிடுவது, நாமே வாங்கி வந்து அவள் முன்னால் போடுவோம் என்று நினைப்பு. அந்த ஆபீஸ் குமாஸ்தா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நெலப் புத்தகம்னா ஊரே வந்து பாக்கலாம். நீ கேக்கறது நாலாம் புத்தகம். இது மனுஷங்க சமாச்சாரம். எழுதிக் குடுத்தவங்களோ வாங்கினவங்களோ நேருல வந்தாத்தான் தொறப்போம்."

"நான் யாருன்னு தெரியுமா? விழுப்புரத்துல ரெண்டு வண்டிக்குச் சொந்தக்காரன்!"

"நூறு வண்டி வச்சிரு. அந்தப் புத்தகத்துல உம்பேரு இல்லியே."

திரும்பி வந்து அவளை அழைத்துப் போவதற்குள் அமாவாசைக்கு ஐந்து நாள்தான் பாக்கி. ரயிலில் நிற்க இடமில்லை. பட்டாளக்காரர்கள் நடுவே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நின்று வந்தாள். ஆபீஸ் வாசலில் நின்றதும் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடுப்படியில் காலை வைக்காமல் தாண்டிப் போனாள். தாலி வாங்கின படி என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

மனு உள்ளே போயிற்று. வெகுநேரம் கழித்து ரிஜிஸ்திரார் கூப்பிட்டார். வயசானவர். மேஜைமேல் ஒரு தடித்த புத்தகம் திறந்திருந்தது.

"ஏம்மா, மனுவுல இன்னார் பெண்சாதின்னு எழுதியிருக்கு. புத்தகத்துல இன்னார் மகள்னுதான் இருக்கு. இந்தப் பத்திரப்படி நீ அவருக்குப் பெண்சாதியே இல்லையே. நீ யாருன்னு நான் எப்படி நம்புறது?"

கூழக்கா சிரித்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் பல் தெரிந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்போ பத்திரம் கீதுங்களா சாமி?"

ரிஜிஸ்திரார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க படிக்க வேணாம். நான் சொல்றேன். நீங்க வெரல் வச்சுப் பாத்துக்கினே வாங்க" என்று ஆரம்பித்தாள். கூழ் விற்கிற வாயிலிருந்து பத்திரத் தமிழ் கொட்டியது. இன்னார் குமாரர் இன்னாராகிய நான், இன்னார் குமாரத்தியாகிய உன்னை இன்று முதல் தீர்த்துவிட்டபடியால், இனி நமக்குள் புருஷன் பெண்சாதி என்ற சம்பந்தம் எக்காலத்தும் கிடையாது. உன் வயிற்றிலிருக்கும் சிசு ஆணாயினும் பெண்ணாயினும் எனக்குப் பிறந்ததன்று. அதன்பேரில் எனக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது. இதற்கு மாறாக நான் பேசினால் அந்தப் பேச்சு செல்லத்தக்கதன்று.

ரிஜிஸ்திராரின் விரல் வரியோடு வரியாக நகர்ந்து கடைசியில் நின்றது. ஒரே தரம் படிக்கக் கேட்டதை, பதினைந்து வயதில், அழுதுகொண்டே கேட்டதை, ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருந்தாள். அவர் தாமாகவே ரேகைப் புத்தகத்தை வரவழைத்து அவள் பெருவிரலை உருட்டச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சரிதான்" என்றார். 

"நகல் ஒண்ணு போதுமா?"

"ரெண்டு குடுங்க சாமி."

சீல் வைத்த நகல்களைக் கையில் வாங்க மேலும் மூன்று நாள் ஆயிற்று. விழுப்புரம் வந்து இறங்கியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வா யக்கா, நேரா நாட்டாண்மை வூட்டுக்குப் போவோம். ஜல்தியா இந்தப் பேஜாரை முடிச்சுடலாம்."

"வேணாம்."

"ஏன்?"

"அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் கீது. அவரு மொதல்ல சொல்லட்டும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "யக்கா, அந்த ஆளு வட்டப்பாறையில பொய்ச் சத்தியம் பண்ணிடுவான்."

"பண்ணட்டும்."

"பொண்ணுகிட்டயாச்சும் சொல்லு. ஒரு வாரமா சோறு எறங்காம கெடக்குது."

"அதுக்கு மூஞ்சில மறைக்கத் தெரியாது."

வழியில் வறுத்த மல்லாட்டை வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே நடந்தாள். பெண்ணிடம் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று நடையை எட்டிப் போட்டேன். ஆனாலும் மண்டி பெஞ்சு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நகல்கள் இரண்டும் கேப்பைப் பானைக்குள் மாவுக்கடியில் போயின. அந்த இரண்டு நாளும் பெண் சுவரோரம் சுருண்டு கிடந்து அழுததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அமாவாசையன்று திருவாமாத்தூரில் பெரிய கூட்டம். சேதி கெடார் வரைக்கும் பரவியிருந்தது. மிராசு பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மைத்துனனும் வந்திருந்தான், பெண்ணை அழைத்துப் போக வண்டிக்குப் புது வைக்கோல் போட்டு. நாட்டாண்மை பத்திரம் கேட்டார். கூழக்கா அதற்குப் பதில் சொல்லாமல் மிராசுவைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க சொல்லை எடுத்துக்கிறீங்களா? அறுத்து வுட்டது நெசம், பொண்ணு வேணாம்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போங்க. வுட்டுடறேன்."

"பத்திரம் இல்ல, அதான் நீட்டி மொழங்கறா" என்று சிரித்தான்.

"ரெண்டாந்தரம் கேக்கறேன். எடுத்துக்கிறீங்களா?"

"போடி!"

"மூணாந்தரம்."

அவன் கற்பூரத்தை ஏற்றச் சொன்னான். வட்டப்பாறையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். இவளை நான் அறுத்து விட்டதில்லை, எந்த ஆபீசிலும் பத்திரம் எழுதினதில்லை, இந்தப் பெண் எனக்குப் பிறந்தவள் என்று ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னான்.

கையை எடுக்கும்வரை கூழக்கா காத்திருந்தாள். பிறகு மடியிலிருந்து நகலை உருவி ரைட்டரிடம் கொடுத்தாள். அவர் படித்தார். அவருக்கு நல்ல கணீரென்ற குரல். திண்டிவனம் ஆபீஸ் என்ற இடத்திலேயே மிராசுவின் முகத்திலிருந்த விபூதிக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. வயிற்றிலிருக்கும் சிசு எனக்குப் பிறந்ததன்று என்று வந்தபோது பாய்ந்து காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தான்.

"கிழிங்க" என்றாள். "இன்னொண்ணு கீது. அத்தையும் கிழிச்சா திண்டிவனத்துல பொஸ்தகம் கீது. அங்க போய்க் கிழிங்க."

யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. கூட்டம் அவனைவிட்டு மூன்று அடி பின்னால் நகர்ந்தது. "கை வச்சுட்டானே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நாட்டாண்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்க்காமலே சொன்னார்: "பொண்ணு தாயோடது. போங்க."

கூட்டத்தில் எனக்குக் கேட்டது ஒரே அழுகை. கூழக்காவின் பெண். அதுவரைக்கும் அந்தப் பெண்ணுக்குத் தன் அப்பன் தன்னை என்ன எழுதினான் என்று தெரியாது.

"எல்லார் முன்னாடியும் இத்தப் படிக்கணுமாம்மா?"

"நான் சொல்லல கண்ணு. அவரு சொன்னது."

அந்தப் பெண் தாயின் கையை உதறிவிட்டு என் வண்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது. விழுப்புரம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பல மாதம் பேசவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மிராசுவைப் பாம்பு கடிக்கவில்லை, இடி விழவில்லை. அதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை வியாபாரம் முழுக்க வாய்ச்சொல்லில் நடப்பது. அன்றிலிருந்து அவன் வாய்ச்சொல்லை ஒருத்தனும் வாங்கவில்லை. மூட்டை எடுக்க, ஆள் கூப்பிட, மாடு பிடிக்க, எதற்குப் போனாலும் "எழுதிக் குடுங்க" என்றார்கள். சம்பந்தம் பேசப் போனால் வெற்றிலைத் தட்டை எடுக்கவில்லை. நான் மண்டி வைத்த புதிதில் என்னிடமே வந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றேன். அவன் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான். குந்துங்க என்று நான் சொல்லவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

ஒருதரம் அவன் வெயிலில் அந்தப் புங்கமரத்தடிக்கே வந்துவிட்டான். தெரிந்து வந்தானோ, தாகத்தில் வந்தானோ. கூழக்கா கலயத்தில் கூழை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் வாயில் வைத்ததும், பத்திரத்தை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். குரலை உயர்த்தாமல், தாலாட்டுப் பாடுகிற மாதிரி. அவன் பாதிக் கலயத்தில் எழுந்து போனான். அவள் மீதிப் பத்திரத்தையும் அவன் முதுகுக்குச் சொல்லி முடித்தாள்.

மூன்று வருஷம் கழித்து பெண்ணுக்கு மயிலம் மலைமேல் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். நான்தான் பார்த்து முடித்தேன். பெண் வாய் நிறைய என்னை மாமா என்று கூப்பிடும். பந்தியில் எனக்கு நடு இலை. ஒரு பக்கம் ரைட்டர், மறுபக்கம் பழைய பியூன், எதிர்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். நான் ஜரிகை வேட்டி கட்டியிருந்தேன். கூழக்காவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். பியூனுக்கு ஊற்றினாள். என் இலைக்கு முன்னால் வந்தாள். வாளியைத் தரையில் வைத்து, கரண்டிக் காம்பை என் பக்கம் திருப்பினாள்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

"இன்னுமா யக்கா?"

"நீ இன்னும் எடுத்துக்கலியே தம்பி."

குரலில் கோபம் இல்லை. காத்துக்கொண்டு நின்றாள். திருவாமாத்தூரில் மூன்று தரம் கேட்டாளே, அப்போது நின்ற அதே நிற்பு. ஒரு வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் இருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு நாலு வண்டி, ஒரு மண்டி, ஒரு லாரி. அந்த லாரியில்தான் மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்தில் வந்து இறங்கினார்கள். நான் குனிந்து கரண்டியை எடுத்தேன். நானே மொண்டு ஊற்றிக்கொண்டேன். ஜரிகையில் இரண்டு சொட்டு தெறித்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

உப்பு சரியாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.